பெரிய வியாழனும் மச்சானின் கருப்பு சாக்ஸும்

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு. அழுக்குக் காலைக் கழுவத்தான் அந்தச் சடங்கு. ஆனால் பெரியநாயக்கன்பாளையத்தில் எவனாவது அழுக்குக் காலோடு வந்து உட்காருவானா? வீட்டிலேயே சோப்புப் போட்டு, பித்தவெடிப்பைத் தேய்த்து, பவுடரும் பூசிக்கொண்டு வருவோம். அதுவும் வலது காலுக்கு மட்டும். சாமியார் வலதைத்தான் கழுவுவார் என்பது ஊரறிந்த விஷயம். இடதுக்கு எதற்கு வீண் வேலை?

இந்த வருஷம் என் பெயரைக் கொடுத்தது அக்கா. கூடவே தன் புருஷன் பெயரையும் கொடுத்திருந்தாள். அது தெரிந்திருந்தால் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

மச்சானோடு பேச்சு நின்று இரண்டு வருஷம். சின்ன விஷயமா அது? அவர் மகள் கல்யாணத்துக்கு நான் தாய்மாமன். வெற்றிலைத் தட்டோடு வீடு தேடி வந்து முதலில் என்னைத்தான் அழைக்க வேண்டும். மனுஷன் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒரு கும்பிடும் கை. பால்காரருக்கும் அதே கைதான் போயிருக்கும். தாய்மாமன் என்றால் கிள்ளுக்கீரையா? அவர் நம்பரை பிளாக் செய்தேன். அக்கா போனையும் எடுக்கவில்லை. கல்யாணத்தன்று, நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை மாலை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், என் பட்டறையில் உட்கார்ந்து நன்றாக ஓடிய மோட்டார் ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் எங்கள் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் அக்கா முழித்துக்கொண்டு நிற்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனாலும் நான் வண்டியைக் கிளப்பிவிடுவேன்.

அன்றைக்கு நான் போகும்போது ஒரே ஒரு நாற்காலிதான் காலி. கடைசி நாற்காலி. அது ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலி என்று யாரும் விரும்பி உட்காருவதில்லை. பதினோராவதில் மச்சான். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். பூசைக்கு எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை, “ஏனுங்க, சீக்கிரம் உக்காருங்க, சாமி கெளம்பிட்டாருங்க” என்று தோளை அமுக்கிவிட்டார். ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லாரும் வெறுங்காலோடு இருக்க, மச்சானின் இடது காலில் மட்டும் ஒரு கருப்பு சாக்ஸ். கோயிலுக்குள்ளே என்ன ஸ்டைல் வேண்டிக்கிடக்கிறது என்று பல்லைக் கடித்தேன்.

பத்தாவது காலைக் கழுவும்போது சாமியாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “ஐயோ, மாதாவே!” என்றார். சட்டையில் மைக் இருந்ததால் கோயிலே அதிர்ந்தது. நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். பாடகர் குழு என்ன செய்வதென்று தெரியாமல் அதே பாட்டை மறுபடியும் தொடங்கியது.

“மிச்சம் ரெண்டு பேர்தானுங்களே. ஒருத்தருக்கொருத்தர் கழுவிக்குங்க. வேதத்துலயே அப்படித்தான இருக்குது” என்றார் சாமியார்.

மறுநாள் பெரிய வெள்ளியன்று இதே சாமியார் பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுத்து வணங்கிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் ஜம்மென்று எழுந்தார். கேட்டால், மாதா குணமாக்கினாராம்.

ஆனால் வியாழனன்று ஊரே பார்க்கிறது. வேறு வழியில்லாமல் மச்சானுக்கு எதிரே மண்டியிட்டேன். கோபத்தில் வலது எது, இடது எது என்று பார்க்கவில்லை. கைக்கு வாகாக இருந்த காலைப் பிடித்தேன். அது சாக்ஸ் போட்ட கால். அவர் வெடுக்கென்று பின்னால் இழுத்தார். பீடத்துக்கு முன்னாலேயே இவ்வளவு திமிரா என்று நான் முன்னால் இழுத்தேன். அவர் இழுக்க, நான் இழுக்க, சாக்ஸ் என் கையோடு வந்துவிட்டது.

காலில் கட்டைவிரல் இல்லை. பக்கத்து விரலும் இல்லை.

“எப்பங்க மச்சான்?” என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து அவருக்கு வந்த முதல் வார்த்தை.

“கல்யாணத்துக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னால எடுத்துப்போட்டாங்க மாப்ளே. சக்கரை. உங்க அக்கா ஆசுபத்திரியில எங்கூடவே இருந்தா. பத்திரிகையக்கூட அங்க படுத்துக்கிட்டேதான் அனுப்புனேன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா ஏதாச்சும் பேசுவாங்கன்னு வெளிய மூச்சு விடல.”

“எனக்காச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“நீங்க போனையே எடுக்கலீங்களே.”

அந்தக் காலைத்தான் கழுவினேன். சொம்புத் தண்ணீர் மொத்தத்தையும் ஊற்றிவிட்டேன். துடைத்து, சாக்ஸைத் திரும்ப மாட்டிவிட்டேன். பாட்டு மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருந்தது. கோயில்பிள்ளை சொம்பை நிரப்பிக்கொண்டு வந்ததும், மச்சான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினார்.

“எனக்கு வேண்டாங்க மச்சான்” என்றேன்.

பேதுருவும் ஆண்டவரிடம் இப்படித்தான் வேண்டாம் என்றார். அது பணிவு என்று இத்தனை வருஷப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ அன்றைக்கு அவரும் வெட்கத்தில்தான் காலை இழுத்திருப்பார் என்று தோன்றியது.

“நீட்டுங்க மாப்ளே, ஊரே பாக்குது” என்று மச்சான் என் வலது காலைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “கல்யாணத்துல உங்களுக்குன்னு ஒரு மாலை வாங்கியிருந்தோமுங்க. நீங்க எப்படியும் வருவீங்கன்னு உங்க அக்கா அதை ஒரு வாரம் ஃபிரிட்ஜுல வெச்சிருந்தா.”