முத்திரைக்குக் காத்திருந்த ஊசி

என் மனைவிக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்புகளின் உறையை அரிக்கும் நோய். ஒருமுறை இடது கண் பார்வை மங்கி, பிறகு திரும்பியது. இன்னொருமுறை வலது கால் போனது. அது முழுதாகத் திரும்பவில்லை; ஊன்றுகோல் வந்தது. அடுத்த முறை எது போகும் என்பதுதான் எங்கள் வீட்டின் பயம்.

ஐப்பசி மழை தொடங்கியதும், புதுச்சேரியில் அவளைப் பார்க்கும் நரம்பு மருத்துவர் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொன்னார். "மூக்குல அடிக்கிற தடுப்பு மருந்து வேணாம் சார். ஊசியில உயிருள்ள கிருமி இல்ல, பயப்படாதீங்க. ஃப்ளூ வந்தாதான் இவங்களுக்கு ஆபத்து." சீட்டும் எழுதித் தந்தார். வாழ்நாளெல்லாம் அரசாங்கக் கோப்புகளைத் திருப்பியனுப்பிப் பழகிய என் கண்ணுக்கு, அதில் முத்திரை இல்லாதது காரைக்கால் வந்து சேர்ந்தபின் தெரிந்தது. தபாலில் திருப்பி அனுப்பினேன்.

"கால் என்னோடது. முத்திரை உங்களுக்கு எதுக்குங்க?" என்றாள்.

"நாளைக்கு ஏதாவது ஆனா?"

"ஆனா, முத்திரைய ஊனிக்கிட்டு நடப்பேனா?"

ஊசி போட்ட மறுநாள் அவளால் எழ முடியாமல் போனால், பொறுப்பு வேறொருவருடையதாக இருக்க வேண்டும். பயத்தை நடைமுறையாக மாற்றுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்த இடைவெளியில், ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்கப் போனேன். கைப்பேசியிலேயே முடிக்கலாம்; நேரில் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி. வரிசையில் முன்னும் பின்னும் இருமல். உயிரோடிருப்பதை நிரூபித்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். ஃப்ளூதான் என்றார் உள்ளூர் மருத்துவர். "வீட்ல இருக்கிற நீங்களும் போட்டிருக்கணுமே சார்." என் பெயரில் நான் கோப்பே திறந்திருக்கவில்லை.

அன்றே சீட்டு முத்திரையோடு வந்தது. அவள் ஊன்றுகோலோடு தனியாக ஆட்டோவில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். நான் பின்னறையில் முகக்கவசத்தோடு கிடந்தேன். "வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகுமாம்," என்றாள், சாத்திய கதவுக்கு வெளியே நின்று.

மறுநாள் மதியம், "ஏங்க, காலு கனக்குது. காய்ச்சல் நூறு காட்டுது," என்றாள்.

ஊசியா, நானா? புதுச்சேரிக்கு ஃபோன் செய்தேன். "ஊசியால வந்த காய்ச்சல்னா ஒண்ணு ரெண்டு நாள்ல இறங்கிடும், காலும் பழையபடி ஆயிடும். இறங்கலன்னாலோ, இருமல் வந்தாலோ உடனே கூப்பிடுங்க," என்றார் மருத்துவர்.

அவள் சமையலறைக்குப் போகும்போது ஊன்றுகோல் சத்தத்தை எண்ணினேன். வழக்கமாகப் பதினொன்று. அன்று பதினான்கு. அவள் இருமுகிறாளா என்று கேட்பதற்காக, என் இருமலைத் தலையணையில் அமுக்கிக்கொண்டேன்.