பிறைக்குக் காத்திருந்த பாவாடை

நோன்புப் பெருநாளும் பொங்கலும் ஒரே வாரத்தில் வந்து மோதிக்கொண்ட வருஷம் அது. எனக்கு எட்டு வயதிருக்கும். தாடிக்கொம்பிலிருந்து அப்பா கரும்பும் மஞ்சள் கொத்துமாக வண்டி கட்ட, நானும் தொற்றிக்கொண்டு திண்டுக்கல் கடைவீதிக்கு வந்துவிட்டேன். அப்பப்பா, என்ன கூட்டம்! ஒரே மளிகைக் கடையில் ஒரு பக்கம் பாய் வீட்டுப் பெண்கள் சேமியா கேட்க, மறுபக்கம் எங்கள் ஊர்ப் பெண்கள் வெல்லம் கேட்டுச் சத்தம் போட்டார்கள். அத்தர் வாசனையும் புதுப்பானை வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வந்த காரியம் என் பொங்கல் பாவாடை. தையல்கார பாய் கடையில் பெருநாள் துணி ஒரு மலை, பொங்கல் துணி ஒரு மலை. நடுவில் அவர் தலை மட்டும் தெரிந்தது.

“இன்னிக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள். நாளன்னிக்கு உன் பாவாடை கைக்கு வந்துரும்” என்றார். “தெரியலேன்னா நாளன்னிக்குத்தான் பெருநாள், கடை அடைப்பு. மறுநாள் பொங்கல். நான் என்ன ஆத்தா செய்ய?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெருமாளே, எப்படியாவது பிறையைக் காட்டிவிடு என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் எதைக் கேட்கிறோம் என்ற யோசனையெல்லாம் அந்த வயதில் ஏது?

பொழுது சாய்ந்ததும் வீதியே வியாபாரத்தை விட்டுவிட்டு மேற்கே பார்த்து நின்றது. பாயின் மகளுக்கும் என் வயதுதான். இருவரும் எங்கள் வண்டியில் கரும்புக்கட்டின் மேல் ஏறிக்கொண்டோம். மலைக்கோட்டை ஓரமாக மேகம் சற்று விலகியது. நகத்தை வெட்டிப் போட்டதுபோல் ஒன்று தெரிந்தது.

“அந்தா! அந்தா!” என்று நான்தான் முதலில் கத்தினேன். பெரியவர்கள் நெற்றியில் கைவைத்துப் பார்த்து ஆமாம் என்றார்கள். பள்ளிவாசலில் நகரா முழங்கியது. அவளும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் கட்டு சரிந்தது. “ஏ கழுதைகளா, கரும்பு ஒடியுது, இறங்குங்க!” என்று அப்பா அதட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பாய் மட்டும் பிறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிஷினுக்கு ஓடினார்.

சொன்ன சொல் தவறவில்லை. போகியன்று சாயங்காலம் போனபோது பாவாடை தயார். அங்கேயே கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். குடை மாதிரி விரிந்தது. அவள் கைதட்டினாள். பழைய கவுன்தான் போட்டிருந்தாள்.

“உன் பெருநாள் புதுசு எங்க?” என்றேன்.

“இப்பத்தான் அத்தா தைக்கிறாக” என்று மிஷினைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெருநாள் நேற்றே முடிந்துவிட்டது, இன்றைக்குத் தைக்கிறார்களாம்! பண்டிகை என்றைக்கு என்றுகூடத் தெரியாத வீடு போலிருக்கிறது என்று வழியெல்லாம் அப்பாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பா சிரிக்கவேயில்லை. அவருக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.