கறையக்கா போட்ட தப்புக் கணக்கு

அந்த ஓட்டலின் துணி வெளுக்கும் கூடத்தில் அவளைக் 'கறையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மேசை விரிப்பில் குழம்பு, தலையணை உறையில் உதட்டுச் சாயம், சமையல்காரர் சட்டையில் எண்ணெய், எதுவானாலும் அவள் மேசைக்குத்தான் வரும். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பாள், ஏதோ ஒரு குப்பியைத் திறப்பாள், கறை போயே போச்சு. கைராசி அப்படி. திங்கட்கிழமை காலையிலும் பாடிக்கொண்டே வேலைக்குப் போகிற பிறவி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இரண்டு பிள்ளைகள் போதும் என்று அவளும் புருஷனும் பேசி முடிவெடுத்து, மூன்றாவதாகத் தங்கியதைக் கலைத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தாள். அதற்குப் பிறகு வந்த மாதவிலக்குதான் ஆளை உலுக்கியது. மாதா மாதம் கொட்டு கொட்டென்று கொட்டித் தீர்த்தது.

இங்கேதான் அவள் வேறு எந்தப் பெண்ணும் செய்யாத ஒரு கூத்தைச் செய்தாள். போகிற இரத்தத்தைத் துணியில் மிஞ்சுகிற கறையை வைத்து அளந்தாள்! பச்சைத் தண்ணீரில் உடனே அலசி, உப்பைப் போட்டுத் தேய்த்து, வெயிலில் போட்டால் சுவடே தெரியாது. சுவடு இல்லையென்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பயமும் இருந்தது. வெளியே சொன்னால், "கலைச்சேல்ல, அதான்" என்று யாராவது ஒரு வார்த்தை விட்டுவிட்டால்? அந்த யாராவது வேறு யாருமில்லை, கூடவே குடியிருந்த நாத்தனார்தான், புருஷனின் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனைவிட வாய் வேகம். நல்லது என்று நம்பிச் செய்தது தப்பாகிப் போய்விடுமோ என்று கறையக்கா வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனவள், பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் கீழேயிருந்து பார்த்தாள்.

"என்னடி இது, உதடெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு? துணி போதாதுன்னு உன்னையும் வெளுத்துக்கிட்டியா?"

"ஒண்ணுமில்ல அண்ணி, வெயிலு."

"வெயிலாம் வெயிலு! ஏறுடி வண்டியில."

பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"ரொம்பப் போகுதாம்மா? துணியெல்லாம் நனையுதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அதெல்லாம் இல்லைங்க. கறையே நிக்கிறதில்ல."

"அடி லூசே!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "இவ பேச்சைக் கேக்காதீங்க டாக்டர். இவ கை பட்டா எந்தக் கறை நிக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்துறான்னு கேளுங்க."

கறையக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை போதவில்லை, மறு கைக்குப் போனாள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

இரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பில் இரத்தம் பாதிதான் இருந்தது. "கர்ப்பப்பையில சின்னதா ஒரு சதை வளர்ந்திருக்கு, எடுத்துடலாம். இரத்தம் ஊற மாத்திரை தர்றேன்" என்றார் டாக்டரம்மா.

கேட்கவே கூடாது என்றிருந்ததைக் கறையக்கா கேட்டேவிட்டாள். "நான் கலைச்சதாலயா டாக்டர்?"

"அதால இல்லம்மா. கலைக்காதவங்களுக்கும் இது வரும். முன்னாடியே வந்திருக்கணும், அது ஒண்ணுதான் உங்க தப்பு."

வேனில் ஏறியும் நாத்தனார் வண்டியைக் கிளப்பவில்லை.

"யாருக்குடி பயந்த? எனக்கா?"

"நீங்க ஏதாச்சும் சொல்லிடுவீங்கன்னு..."

"நானும் ஒண்ணு கலைச்சவதான்டி. உன் புருஷனுக்குக்கூடத் தெரியாது. தனியா போனேன், தனியா வந்தேன். நானா உன்னைச் சொல்லுவேன்?"

கறையக்காவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாலும், நாத்தனார் தனியாகப் போய்வந்ததை நினைத்துத்தான் அதிகம் அழுதாள்.

"என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கலாமே அண்ணி."

"கூப்பிட்டிருப்பேன்டி. அப்போ நீ பாவாடை சட்டையில பள்ளிக்கூடம் போயிட்டிருந்த" என்று சொல்லி நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.