என் மச்சான் கட்டிய கயிறு

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து வருஷக்கணக்கில் தள்ளிப் போட்டவன் நான். ஆடி வரும், திருவிழா முடியட்டும் என்பேன். கார்த்திகை வரும், மாலை போட்டிருக்கிற நேரத்தில் இது வேண்டாம் என்பேன். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவன் எழுதினால் தப்பும் தவறுமாகத்தான் வரும் என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது பயம். சாமிக்குப் பயந்தேனா, வீட்டுக்காரிக்குப் பயந்தேனா, தெருவில் எனக்கிருந்த நல்ல பேர் போய்விடும் என்று பயந்தேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு அம்மன் ஊர்வலத்தின்போது என் பிக்கப் வண்டியில் சரிந்து கை உடைந்தாள். அம்மனை வண்டியில் வைத்துக் கயிறு கட்டியவர் என் மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன். பழி அவர்மேல் விழுந்தது. அவர் கட்டியது சரியாகத்தான் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் குந்தாரப்பள்ளிப் பக்கம். நிலத்தில் அண்ணன் தம்பி எல்லாருக்கும் வேலை இல்லை. ஓசூருக்கு வந்து கொஞ்ச நாள் கம்பெனியில் காண்ட்ராக்டில் ஓடினேன். அப்புறம் பழைய பிக்கப் ஒன்றை எடுத்து, மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் குடும்பத்தை வைத்துப் பிழைப்பை ஓட்டினேன். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு இரும்புச் சாமான் ட்ரே ஏற்றிப் போவேன். ஜூஜுவாடி குடோன்களுக்கு அட்டைப்பெட்டி அடிப்பேன். சந்தை நாளில் ஆடு மாடும் ஏறும்.

அந்த வண்டிமேல் எனக்கு இருந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாங்கியபோது சாயம் போன வெள்ளைப் பெட்டி அது. ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முன்னால் மஞ்சள் ஃபாக் லைட். சக்கரத்துக்கு வெள்ளிக் கலர் கப்பு. கேபினுக்குள் பாட்டு செட், சீட்டுக்குப் பின்னால் வூஃபர். எல்லாம் பழைய சாமான் கடையில் பொறுக்கியது. இதற்கு வீட்டில் ஒரு முறை வைத்திருந்தோம். அதை வைத்தது என் வீட்டுக்காரி. வண்டிக்கு ஒன்று வாங்கினால் அடுத்தது வீட்டுக்கு. ஃபாக் லைட் வந்த பிறகு குக்கர் வந்தது. வூஃபர் வந்த பிறகு பிள்ளைகளுக்கு ஷூ வந்தது. அவளுக்கும் வண்டிமேல் பிரியம்தான். சீட் கவருக்குச் சிவப்பு வேண்டும் என்று சொன்னதே அவள்தான். பழைய பட்டுப்புடவை ஜரிகையை வெட்டி, கண்ணாடிக்கு மேலே தொங்கல் தைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி, செட்டில் அம்மன் பாட்டைப் போட்டுவிட்டு நான் துடைப்பேன், பிள்ளைகள் கேபினுக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள். அந்த நேரத்தில் வந்த சந்தோஷம் கோயிலில் கும்பிட்டு நின்றபோதுகூட எனக்கு வந்ததில்லை. இப்படி எழுதுவதே பாவம். ஆனாலும் உண்மை.

பட்டை விஷயத்துக்கு வருகிறேன். வண்டியின் பின்பக்கத்தைத் தாங்குவது வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கூடுதலாக ஒரு பட்டை சொருகினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஜூஜுவாடி ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் அப்படித்தான் நிற்கும். என் வண்டியைப் பார்த்து ஒரு டிரைவர், "என்னாங்க, உங்க எருமை எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்குது?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். அடுத்த நாளே மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவன் அப்போதே சொன்னான்.

"அண்ணா, லோடு ஏத்துனா கம்பீரமா நிக்கும். காலியாப் போனா உதைக்கும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"நீ போடுப்பா" என்றேன்.

அது வீட்டுக்கு வாங்க வேண்டிய முறை. மிக்சி ஜார் உடைந்து, அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பட்டை வண்டிக்கு அடியில் இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாத சாமானுக்கு முறை கிடையாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன அன்று அவள் கண்டுபிடித்துவிடுவாள் போல இருந்தது.

"ஏங்க, என்னா இப்படித் தூக்கிப் போடுது? குடல் வாய்க்கு வருது."

"ரோடு சரியில்ல."

"போன மாசமும் இதே ரோட்டுலதான வந்தோம்?"

பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

மச்சான் ஜூஜுவாடியில் பார்சல் குடோனில் லோடு ஏற்றுகிறவர். கயிறு கட்டுவதில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. அவர் கட்டின லோடை இறக்குகிற ஆட்கள், "கட்டுனவன் வந்து அவுத்துக் குடுத்துட்டுப் போகட்டும்" என்று சலித்துக்கொள்வார்கள். அதை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் அம்மனை என் வண்டியில் வைக்கலாம் என்று கோயில் கமிட்டியில் சொன்னார்கள். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிற வண்டி, லைட்டு, பாட்டு செட், எல்லாம் பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாழைமரம் கட்டினோம், சீரியல் லைட் சுற்றினோம். மரத்தில் செய்து வர்ணம் பூசிய உற்சவர் அம்மன், கால் வைத்த பலகைப் பீடம். மச்சான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து, செருப்பில்லாமல் வண்டியில் ஏறிக் கட்டினார். அம்மனையும் பீடத்தையும் சேர்த்து ஒரு கட்டு, பீடத்தை வண்டிக் கொக்கியோடு இன்னொரு கட்டு. பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மாப்ள, இனிமே நீ வண்டியைக் கவுத்தாலும் அம்மா நகர மாட்டா."

"நல்ல நாளும் அதுவுமா, வாயைக் கழுவுங்க மச்சான்."

தெருத்தெருவாகப் போய்த் திரும்புகிற நேரம். பொழுது சாய்ந்து லைட்டெல்லாம் எரிய ஆரம்பித்திருந்தது. மேளக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள், மச்சானும் அவர்களோடு தீச்சட்டிக்காரர்களுக்கு வழி விலக்கிக்கொண்டு போனார். பூசாரி கீழே நடந்து வீடு வீடாகத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தார். வண்டிக்கும் மேளத்துக்கும் நடுவே இடம் விழுந்தது. பக்கத்தில் வந்த இளவட்டங்கள், "அண்ணா, செட்டை ஏத்துங்க!" என்றார்கள். ஏற்றினேன். இடைவெளியைப் பிடிக்க ஆக்சிலேட்டரை மிதித்தேன். இடைவெளிக்கு அவ்வளவு மிதிக்க வேண்டியதில்லை. என் வண்டி எப்படி ஏறிப் போகிறது என்று அவர்கள் பார்க்கட்டும் என்று மிதித்தேன். பூக்காரம்மா ஒருத்தி, கன்னடக்காரி, கூடவே ஓடி வந்து, "நிதானா அண்ணா, நிதானா!" என்று கத்தினாள். காதில் விழுந்தது. ஸ்பீடு பிரேக்கரும் கண்ணுக்குத் தெரிந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. மரத்து அம்மன் ஒரு லோடே இல்லை, காலி வண்டி மாதிரியே பின்பக்கம் உதைத்தது. பாட்டுச் சத்தத்தையும் மீறி மரம் முறிகிற சத்தம் கேட்டது.

முதலில் ஏறிப் பார்த்தவன் நான். பீடத்தின் ஒரு கால் முறிந்து, அம்மன் பீடத்தோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்து, வண்டியின் இரும்புத் தடுப்பில் மோதிக் கிடந்தாள். அபயம் காட்டுகிற வலது கை மணிக்கட்டோடு உடைந்து பூவுக்குள் கிடந்தது. கயிறு? கயிறு அப்படியே இருந்தது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இறுகியிருந்தது. சாய்ந்த அம்மனை நிமிர்த்த முடியாத அளவுக்கு இறுக்கம். "அறுங்க, அறுங்க!" என்று கீழேயிருந்து கத்தினார்கள், பூவும் வாழைமரமும் மறைத்ததில் கயிறு எங்கோ சிக்கிக்கொண்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். தேங்காய் உடைக்கிற அரிவாளை யாரோ நீட்டினார்கள். நான் அறுத்தேன். அதில் தப்பு இல்லை, அம்மனைத் தூக்க வேண்டியிருந்தது.

தப்பு அதற்கப்புறம். கமிட்டிப் பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்து, "கயிறு விட்டுடுச்சா?" என்றார். நான் பேசாமல் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். "கயிறு விட்டுடுச்சு" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தெருக்கோடிக்குப் போய்ச் சேரும்போது "சரியாக் கட்டல" என்று ஆகிவிட்டது. பீடத்தின் காலும் விழுந்ததில்தான் முறிந்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

மச்சான் ஓடி வந்தார். உடைந்த கையைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தார்.

"கடைசிக் கட்டு கட்டும்போது கை நடுங்குச்சு மாப்ள. வயித்துல ஒண்ணும் இல்லாம இருந்தேன்ல. எங்கயோ நழுவியிருக்கும்."

தப்புக்குக் காரணத்தையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். எனக்கு வேலையே வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் கட்டுன கயிறு விடாது. யாரு என்னா சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நீங்கதான மொதல்ல ஏறுனீங்க? பாக்கலையா?"

"இருட்டுல எங்க பாக்கறது?" என்றேன். அத்தனை சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது.

பின்னமான சிலையை வைத்துக் கும்பிடக் கூடாது என்று ஏரியில் விட்டார்கள். அடுத்த வருஷம் புது அம்மன் வந்தாள். மச்சான் தன் தப்புக்குப் பிராயச்சித்தம் என்று ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்தார். அவர் உடம்பில் குத்தாமல் இருக்க, நான் முன்னால் குனிந்து கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போனேன். "மச்சானுக்கு எப்படிப் பணிவிடை செய்யறாரு பாரு" என்று பெண்கள் பேசியது காதில் விழுந்தது. அவர் முதுகில் ஒட்டியிருந்த மண்ணை நான்தான் துடைத்துவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பட்டையை, அம்மன் கை உடைந்த அந்தத் திருவிழா முடிந்த வாரமே கழற்றிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதை, "இது என்னா இரும்பு?" என்று கேட்டாள் இவள். "எங்கயோ கெடந்தது" என்றேன். குளியலறைத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க அதை மேலே தூக்கி வைத்தாள். காற்றடித்தால் தகரத்தில் டங்கு டங்கென்று தட்டும். குளிக்கும்போது சொல்லுகிற சுலோகம் அந்தச் சத்தத்தில் எனக்குப் பாதியில் நின்றுபோகும்.

மச்சான் லோடு வேலையை விடவில்லை. ஆனால் கயிறு கட்டுவதை விட்டுவிட்டார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. சமீபத்தில் தெரிந்தவர் வீடு மாற்றினார். ஃபிரிஜ்ஜையும் பீரோவையும் என் வண்டியில் ஏற்றினோம். கயிற்றை மச்சானிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி அப்படியே பக்கத்திலிருந்த ஆளிடம் கொடுத்தார்.

"நீ கட்டுப்பா. நம்ம கை ராசி சரியில்ல. ஆத்தாளையே கீழ தள்ளுன கை."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சாமானை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பும்போது, கேபினில் நானும் அவரும்தான். சர்வீஸ் ரோட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன். பட்டை, ஆக்சிலேட்டர், அரிவாள், எல்லாம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முடிச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு மச்சான்."

"நல்லாப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேன்."

அப்புறம், "நான் உருண்டு வரும்போது கல்லு பொறுக்குனீங்களே, அப்ப எங்க போச்சு வாய்?" என்றார். "நிறுத்துங்க. நான் இறங்கிக்கறேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை 'நீ', 'மாப்ள' என்று கூப்பிட்டவர். 'நீங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். ஜூஜுவாடி போகிற பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் வண்டிப் பக்கம் திரும்பவில்லை.

இவளிடமும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். குளியலறைப் பக்கம் போய்த் தகரத்து மேலே பார்த்துவிட்டு வந்தாள்.

"அந்த இரும்பா?"

"ஆமா."

"ஒரு மிக்சி ஜாருக்குப் பயந்துக்கிட்டு எங்க அண்ணனைப் பலி குடுத்திருக்கீங்க."

மறுநாள் காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து சொன்னாள்: "அவர்கிட்ட சொன்னா ஆச்சா? ஊரு முன்னாடி போன பேரு. ஊரு முன்னாடி சொல்லுங்க. வாய் வரலேன்னா எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன். இதைக் கோயில் கமிட்டிக்கும் கொடுக்கப் போகிறேன். இந்த வருஷம் அம்மன் என் வண்டியில் ஏற மாட்டாள், அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. வேறு யார் வண்டியில் ஏறினாலும் மச்சான் கட்ட வேண்டும். அவர் வருவாரா தெரியாது. இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ரோட்டின்மேல் பழியைப் போட வேண்டாம். அம்மன் சோதித்தாள் என்று சேர்க்க வேண்டாம், அவள் ஒன்றும் செய்யவில்லை. கதைக்கு ருசி வரட்டும் என்று நான் குடித்திருந்ததாகவும் சொல்ல வேண்டாம், தெளிவாகத்தான் இருந்தேன். எங்கள் பக்கத்து ஆள் யாரையாவது பார்த்தால், மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிவிடுங்கள்: கயிறு விடவில்லை, முடிச்சு இறுகித்தான் இருந்தது, அறுத்தவன் நான்.