முனவ்வறா மேல் விழுந்த மோதிரப் பழி

கல்முனைக்குடியில் மௌத்தாகும் பெண்களின் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவது பத்தொன்பது வருடமாக முனவ்வறாதான். அதற்கென்று எதுவும் வாங்கமாட்டார். நோயில் கிடந்த சிலர், "என்னை முனவ்வறாதான் குளிப்பாட்டணும்" என்று சொல்லிவிட்டே கண்ணை மூடியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவரின் படத்தைப் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை 'ஊர்க்கண்' என்ற பேஸ்புக் பக்கத்தில் நாலு வரி வந்தது. போன வாரம் குளிப்பாட்டிய ஒரு பெண்ணின் மையித்தின் விரலில் கிடந்த மோதிரத்தை இவர் கழற்றிக்கொண்டாராம். அஸர் தொழுகைக்குள் அறுநூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள். மகள் அம்ஹா போனைக் காட்டியபோது முனவ்வறாவுக்கு எழுத்து எதுவும் பிடிபடவில்லை. தன் முகம் மட்டுந்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஜனாஸாக்களுக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரி மௌத்தானபோதும் குளிப்பாட்ட வெளியூர் ஆள்தான் வந்தது. ஜன்னலால் அதைப் பார்த்து நின்றவர், பொலிஸுக்குப் போவதென்று அபாயாவை எடுத்து மாட்டினார்.

"பொலிஸ், கோடு கச்சேரி எண்டு போனா இன்னும் நாறும் உம்மா," என்றாள் அம்ஹா.

"இதவிட நாற என்ன கிடக்கு?"

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதியவர் காரைதீவுக்காரியான சார்ஜன்ட் தக்சாயினி. "அவதூறுக்கெண்டு இருந்த பழைய குற்றச் சட்டத்த எடுத்துட்டாங்க அம்மா. ஆனா இணையத்தில பொய் போட்டு ஆளைக் கெடுத்தா, இப்ப நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கு. அவங்க அழிக்க முதல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தாங்க," என்றார்.

ஐந்து வாரத்தில் அதைப் போட்ட ஆள் பிடிபட்டான். மௌத்தான அந்தப் பெண்ணின் மூத்த மருமகன் றுமைஸ். விசாரணைக்கு அவன் மனைவியின் தங்கை ஸுஹைறாவையும் அழைத்திருந்தார்கள். அவள் கைப்பையைத் திறந்து மோதிரத்தை மேசையில் வைத்துவிட்டு அழுதாள்.

"ஆஸ்பத்திரியில உம்மாட கை வீங்கக்குள்ள நான்தான் கழட்டின. நான் விசயத்தச் சொல்ல முந்தி மச்சான் போட்டுட்டார். ராத்தாட குடும்பத்தில பிரச்சினை வரும் எண்டு வாயப் பொத்திட்டு இருந்துட்டன்."

நீதிமன்றத்தில் றுமைஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதவான் முனவ்வறாவிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

"அவர உள்ள போடுறதால எனக்கு என்ன ஐயா? பொய்யப் போட்ட இடத்திலயே உண்மையையும் போடட்டும். சொந்தப் பேரில போடட்டும்."

தண்டனையை ஒத்திவைத்த நீதவான் அப்படியே செய்யும்படி உத்தரவிட்டார். அன்று பகலே றுமைஸின் மன்னிப்பு அவன் பெயரோடு வந்தது.

"இருபத்தேழு பேர்தான் உம்மா பகிர்ந்திரிக்காங்க," என்று அம்ஹா குறைப்பட்டாள்.

"காணும் மகள், அது போதும். வாசிக்கிறவங்க வாசிக்கட்டும்."

முனவ்வறாவுக்கு நல்ல பசி. இரண்டு மாதமாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பியவர், வீடு திரும்பும் வழியில் பஸாரில் ஆட்டோவை நிறுத்தி மகளையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நடு மேசையில் உட்கார்ந்து, இறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த புதன்கிழமை சாய்ந்தமருதிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். "ராத்தா, எங்கட மாமி மௌத்து. வருவீங்களா?"

"ஓம், வாறன். தண்ணியச் சூடாக்கச் சொல்லுங்க."