உப்புத்தாளும் மச்சானின் விரல்களும்

உப்புத்தாள் வாங்கும்போது மச்சான் அதன் பின்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நம்பர் பின்பக்கத்தில்தான் அச்சடித்திருக்கும். எண்பது, நூற்றெண்பது, முந்நூற்றிருபது என்று நம்பர் ஏற ஏறத் தாளின் சொரசொரப்பு குறையும். பெயிண்ட் கடைக்காரர் கட்டாகத் தூக்கிப் போடுவார். மச்சான் ஒவ்வொரு தாளின் மூலையிலும் கட்டைவிரலை ஒருமுறை இழுப்பார். "இது நானூறுல்ல, இத எதுக்குண்ணே முன்னூத்திருபதோட கலந்து வச்சிருக்கீக?" என்பார். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு அசடு வழிவார். மச்சானை நினைத்தால் இப்போதும் முகத்துக்கு முன்னால் அந்தக் கட்டைவிரல்தான் வருகிறது.

மச்சான் என் அக்காவின் கணவர். மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தோம். அடிபட்டு வரும் வண்டியின் ஒடுக்கை எடுத்து, பள்ளத்தில் பட்டிப் பசை வைத்து, தேய்த்து மட்டமாக்குவது அவர் வேலை. அதற்கு மேல் பெயிண்ட் அடிப்பது என் வேலை. வண்டி எடுக்க வருகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து என்னைத்தான் புகழ்வார்கள். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டுவேன். ஆனால் பளபளப்பைப் போன்ற கோள்சொல்லி உலகத்தில் கிடையாது. அடியில் ஒரு நூல் பள்ளம் இருந்தாலும் ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் கை சரியாக இருக்கும்வரைதான் என் பெயரும் சரியாக இருக்கும்.

பட்டி காய்ந்ததும் எண்பதாம் நம்பர் தாளைக் கட்டையில் சுற்றிச் சீவ ஆரம்பிப்பார். எண்பது போட்ட கீறலை நூற்றெண்பது எடுக்க வேண்டும், அதன் கீறலை முந்நூற்றிருபது எடுக்க வேண்டும். அவசரத்தில் நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வண்டி வீட்டுக்குப் போய் வெயிலில் நின்று, கொஞ்ச நாள் கழித்துக் கோடுகோடாகக் கிளம்பி வரும். பிரைமர் அடித்த பிறகு தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற வேலை. அதற்கான வாட்டர் பேப்பரை வாளியில் ஊறப்போட்டு மூன்றாக மடித்துக்கொள்வார். தட்டையான இடத்தில் வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் குழிந்துவிடும், அதனால் அங்கே கட்டை. வளைவுகளில் கட்டை படியாது, அங்கே விரல்தான். கொஞ்சம் தேய்ப்பதும் உள்ளங்கையால் தடவுவதுமாக இருப்பார். "வெளிச்சத்துல பாத்து ஏமாறாத மாப்ள, தடவிப் பாரு" என்பார்.

சர்க்கரை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. ஊரில் யாருக்குத்தான் இல்லை என்று அதைச் சளி இருமல் கணக்கில் சேர்த்திருந்தார். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். டீக்கடையில் "சீனி கம்மி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஒரு தேங்காய் பன் கேட்பார். அக்கா கத்தினால், ஒழைக்கிற ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது என்று வாயை அடைத்துவிடுவார். இப்படி இருக்கையில் ஒரு நாள் பெயிண்ட் கடையில் அவர் தாளைத் திருப்பி நம்பரைப் படித்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது. பைக்கில் வரும்போது கேட்டேன்.

"கை காச்சுப்போச்சு மாப்ள. தோலு தடிச்சிருச்சு" என்றார். தேய்க்கிறவர் கை காய்க்காமல் என்ன செய்யும்? நம்பும்படியாகத்தான் இருந்தது.

பிறகு நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பேராசிரியரின் கறுப்புக் கார் வந்தது. கதவில் அடி. முடித்துக் கொடுத்த அடுத்த வாரமே அவர் திரும்பி வந்தார். கோபப்படுகிற ஆள் இல்லை. "காலை வெயில் படுறப்ப கதவு தண்ணி மாதிரி நெளியுதுங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். மச்சான் உள்ளங்கையை வைத்துக் கதவு நெடுகத் தடவினார். "சரியாத்தான இருக்கு?" என்று என்னைப் பார்த்தார். நான் கையை வைத்தேன். மேடும் பள்ளமும் பெயிண்ட்காரனான என் கைக்கே தட்டுப்பட்டன. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கதவை மறுபடி தேய்க்கும்போதுதான், மச்சான் குனிந்து கன்னத்தை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்தியதைப் பார்த்தேன். கைக்குத் தெரியாதது கன்னத்துக்காவது தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார். பக்கத்து மெக்கானிக் கடையில் சிரித்தார்கள். "என்னண்ணே, காருக்கு முத்தமா?" என்று ஒருவன் கேட்டான். மச்சானும் சேர்ந்து சிரித்தார், கன்னமெல்லாம் வெள்ளைத் தூள். எனக்குப் பயமாக இருந்தது. அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். அவள் அழுதும் திட்டியும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

"போனா வேலைய விடச் சொல்லுவாக. விட்டுட்டு வீட்டுல ஒக்காந்து என்னத்தச் செய்ய?" என்றார். அது ஒன்றுதான் அவருடைய கவலை. சாவைப் பற்றிக்கூட அவர் அப்படிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு பழைய சுற்றுலா வேன் வந்திருந்தது. சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் பட்டி வைத்து, வெள்ளைப் பிரைமர் அடித்து, மச்சான் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வளைவு என்பதால் கட்டை இல்லை. நான் அந்தப் பக்கம் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன். "மாப்ள, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டார். வளைவிலிருந்து பால் போல் வழிய வேண்டிய தண்ணீர் இளஞ்சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. பழைய வண்டிகளில் அடியில் ரெட் ஆக்சைடு அடித்திருப்பார்கள், செங்கல் நிறத்தில். அளவுக்கு மேல் தேய்த்தால் அது வெளியே வந்து தண்ணீரில் கரையும்.

"ரெட் ஆக்சைடு வந்துருச்சு போல. எங்க வெட்டிட்டேன்னு பாரு" என்றார்.

துணியால் துடைத்துப் பார்த்தேன். வளைவு முழுக்க வெள்ளையாகத்தான் இருந்தது. எங்கும் செங்கல் நிறம் இல்லை. அவரும் குனிந்து தேடினார், கையிலிருந்த தாளை விடாமலே. அவர் கை வைத்த இடத்தில் மறுபடி சிவப்பு வழிந்தது. அப்போதுதான் தாளைப் பிடுங்கினேன். நடு மூன்று விரல்களின் நுனியிலும் தோல் இல்லை. ஒரு விரலில் நகம் பாதி தேய்ந்திருந்தது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்கவே இல்லையே மாப்ள" என்றார். வலித்துக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாத புண் உள்ளே போய், அழுகி, கடைசியில் அவரது வலது கையில் இரண்டு விரல்களைப் பாதியோடு எடுத்தார்கள். இப்போது பட்டறையில் தேய்ப்பதற்கு மெஷின் இருக்கிறது. வட்டத் தாள், வைத்தால் தானே ஒட்டிக்கொள்கிறது, தூளையும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. நம்பரைப் படித்துத்தான் வாங்குகிறேன். வேலை கெட்டுப்போகவில்லை, பொய் சொல்வானேன். மச்சான் பட்டறைக்கு வருவதில்லை. நான் வீட்டுக்குப் போனால் என்ன வண்டி, எந்த நம்பரில் முடித்தாய் என்று கேட்பார். பதில் சொல்வதற்குள் டிவி பக்கம் திரும்பிவிடுவார்.

அவர் பட்டறையை விட்ட நாள் எது என்று கேட்டால், விரல் எடுத்த நாளைச் சொல்ல மாட்டேன். தையல் பிரித்த பிறகு, மறுபடி வேலைக்குப் போகலாமா என்று கேட்க அவரே அக்காவையும் என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். மருத்துவர் சின்னப் பெண். மச்சானைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போல மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, "நான் தொடும்போதெல்லாம் தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார். மிச்சமிருந்த விரல்களில் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார். இழை வளைந்தது.

"தெரியுது" என்றார் மச்சான். சற்றுப் பொறுத்து, "தெரியுது" என்றார். மருத்துவர் கையை எடுத்துவிட்டார். இழை மேசைமேல் கிடந்தது.

"தெரியுது" என்றார் மச்சான்.

மருத்துவர் எங்களைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மச்சான் நெற்றியைச் சுருக்கி, கண்ணை இறுக்க மூடி, கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது" என்றார்.

அக்காதான் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள். "போதுங்க. கண்ணத் தொறங்க" என்றாள்.