வேலையோடு வந்தவர்கள்

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் என் மகள் படித்த பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஒரு கூத்து உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய ஏழைகள் மாதிரி பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வர வேண்டும். சாப்பாட்டுக் கூடம்தான் துறைமுகம். டீச்சர்கள் தொப்பி வைத்துக்கொண்டு அதிகாரிகளாக உட்கார்ந்திருப்பார்கள். கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் அமெரிக்கா, இல்லையென்றால் திரும்பக் கப்பல். இரும்பாலைக்கும் துணி ஆலைக்கும் உழைக்க வந்த இத்தாலிக்காரர்கள், போலந்துக்காரர்கள் பற்றிய பாடம் முடிந்த கையோடு இது நடக்கும். என் மகளுக்கு ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை.

தலையில் முக்காடு, கிழிசல் கோட்டு, கையில் துணி மூட்டை என்று சர்க்குலரில் போட்டிருந்ததைப் பார்த்ததும் என் கணவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சனிக்கிழமை பாட்லக்கிலும் அதுவே பேச்சு. பாட்லக் என்றால், ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்து எடுத்துக்கொண்டு போய், பெண்கள் சமையலறையில் நின்றபடியே சாப்பிட, ஆண்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு உலகத்தைத் திருத்துவது. அன்றைக்கு எங்களை அழைத்திருந்தவர் புதிதாக டவுன்ஹவுஸ் என்கிற மாடி வீடு வாங்கியவர். வாங்கிய நாளிலிருந்து அவர் குரலும் ஒரு மாடி ஏறியிருந்தது.

"நாம என்ன மூட்டையத் தூக்கிட்டு கப்பல்லயா வந்தோம்? கையில ஆபர் லெட்டர், பாஸ்போர்ட்ல விசா, ஃபிளைட்ல வந்து இறங்கினோம். இந்தக் கும்பலோட நம்மள எப்படி சேர்க்கலாம்?" என்றார்.

"கரெக்ட். பசங்களுக்கு அந்த டிஃபரன்ஸ் தெரியணும்" என்றார் என் கணவர்.

இப்படிப் பேசிய என் கணவரின் லட்சணம் எனக்குத் தெரியும். அவருடைய ஹெச்-1 வேலை விசாவுக்கு அது கடைசி வருடம். கிரீன் கார்டுக்கான முதல் பேப்பரே எந்த ஆபீஸிலோ தூங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்துக்குள் அது எழுந்திருக்காவிட்டால் நாங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எனக்கும் மகளுக்கும் உத்தரவு போட்டிருந்தார். வீட்டில் ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் பேப்பர் நிலவரத்தைப் பார்த்தபடி கிடப்பார், சோபாவில் உட்கார்ந்ததும் ராஜா ஆகிவிடுவார்.

வகுப்பில் மூன்று தமிழ்க் குழந்தைகள். மூன்று அப்பாக்களும் கூடி முடிவு எடுத்தார்கள். முக்காடு கிடையாது, மூட்டை கிடையாது. மூவருக்கும் பிளேசர், தோளில் லேப்டாப் பை. அன்றைக்கே எல்லோர் முன்னாலும் என் கணவர் மகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

"வேலை இருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"எஸ், ஐ ஹாவ் எ ஜாப்."

"இன்னும் லவுடா சொல்லும்மா."

அந்த நாளும் வந்தது. அம்மா அப்பாக்கள் சுவரோரமாக நின்றோம். வரிசையில் கிழிசல் கோட்டுகளுக்கு நடுவில் எங்கள் மூன்று பேரும் ஏதோ கல்யாண ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு பையனிடம் டீச்சர் வேலை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஆனால் எனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, தேடிக்கொள்வேன் என்றான். முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிட்டார். அடுத்தது என் மகள். கூடமே திரும்பிப் பார்க்கும்படி, தனக்கு வேலை தயாராக இருப்பதாகச் சொன்னாள். டீச்சர் அவள் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டி, மூலையில் திரும்பக் கப்பல் ஏறுபவர்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சைக் காட்டினார். பின்னாலேயே மற்ற இரண்டு பேரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்கக் கொடிக்குக் கீழே மற்ற பிள்ளைகள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

என் கணவர் சண்டைக்குப் போனார். டீச்சர் பொறுமையாக விளக்கினார். அப்போது ஆலை முதலாளிகள் வெளிநாட்டில் ஆள் பிடித்து, குறைந்த கூலிக்கு ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்தார்களாம். உள்ளூர்த் தொழிலாளிகளின் பிழைப்பு போனது. அவர்கள் போராடிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலையைக் கையோடு கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். சர்க்குலரின் பின்பக்கத்தில் எல்லாம் விவரமாகப் போட்டிருந்தது என்றார். எங்கள் வீட்டு மேதை முன்பக்கத்தோடு நிறுத்தியிருந்தார்.

"எங்க கேஸ் வேற. நாங்க ஸ்கில்டு" என்று காரில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கு அவர் ஆபீஸ் கதை ஞாபகம் வந்தது. இவர் இப்போது உட்காரும் நாற்காலியில் முன்பு ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர் பக்கத்திலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து இவர் வேலையைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்து முடிந்ததும் அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, இவர்தான் கதவைத் திறந்து பிடித்தாராம். அதைத் தன்னுடைய பெருந்தன்மையாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த பாட்லக் எங்கள் வீட்டில். வெட்கப்படுவார் என்று நினைத்தேன், வெட்கமாவது ஒன்றாவது. "அந்த லேடிக்கு ஹிஸ்டரியே தெரியல சார்" என்று அதையே ஜோக்காக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டவுன்ஹவுஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

என் மகள் தட்டோடு கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"பட் அப்பா," என்றாள், "பேப்பர் வரலேன்னா ஜூன்ல வீ ஹாவ் டு கோ பேக், ரைட்? நிஜமாவே?"

என் கணவர் டிவி ரிமோட்டைத் தேடினார். இன்னொருவர் அப்பளத்தை ரொம்பக் கவனமாக உடைத்தார். டவுன்ஹவுஸ்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கணவர் பக்கம் சாய்ந்தார். அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"உங்களுக்குமா? என்னோட கிரீன் கார்ட ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. வொய்ஃப்கிட்ட அப்ரூவ் ஆயிடுச்சுன்னு சொல்லித்தான் அந்த வீட்டையே வாங்கினேன்."

சமையலறை வாசலில், என்னை ஒட்டி, அவர் மனைவி சாம்பார்க் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.